மீசைக்காரர் மார்க்

அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். தலைமையாசிரியர் மயில்சாமி. வரலாற்று ஆசிரியை ஷாஹிதா. பெற்றோர் சங்கத் தலைவர் கைருதீன். இவர் என்னோடு அதே பள்ளியில் படித்தவர், பனியன் துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் வியாபாரி, ஷாஹிதாவின் மாமனார். என் மனைவி சாரதாமணி. வகுப்புப் பிள்ளைகள் அனைவரும்; அவர்களில் ஒருத்தி என் பேத்தி யாழினி. பிறகு மாரப்பனாகிய நான். இவ்வளவு பேர்தான். எங்கள் ஊர் மண்ணரையில் டீக்கடைக்கு டீக்கடை "நானும் அங்கதானுங்க இருந்தேன்" என்று கதை சொல்கிறவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

எங்கள் பனியன் கம்பெனிக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் சந்தையில் 'மீசைக்காரர் மார்க்' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். பெட்டியின் மேல் ஒரு பெரியவர் படம் இருக்கும். தலைப்பாகை, நிமிர்ந்த கழுத்து, இரண்டு நுனியும் மேலே சுருண்ட மீசை, கீழே வலது மூலையில் வெடித்த பருத்திக்காய். அவர் என் அப்பாரு பொங்கியண்ணன், அதாவது என் அப்பாவைப் பெற்றவர். நான் பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார். சீமைத்துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தியவர் அவர். அந்தப் பருத்திக்காய் நாட்டுப் பருத்தியின் மேல் அவருக்கிருந்த பற்றின் அடையாளம் என்று நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன்.

பெட்டிப் படத்தையே பெரிதாக எழுதச் சொல்லி, கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டியிருக்கிறோம். அமாவாசைதோறும் மாலை உண்டு. எங்கள் வீட்டு ஆண்கள் முப்பது வயதானால் அதே மீசையை வைப்பது வழக்கம். என் மகன் யுவன் மட்டும் வைக்கவில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வீடியோ காலில் சிரிக்கிறார்களாம்.

பள்ளிக்கு ஒரு தொடுதிரைப் பலகையை அப்பாரு பெயரில் வாங்கிக் கொடுத்தேன். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் பலகை. விரலால் தொட்டால் உலகமே அதில் வரும் என்றார் மயில்சாமி. ஆண்டு விழாவில் அந்த அறைக்கு 'பொங்கியண்ணன் வரலாற்று அறை' என்று பெயர் சூட்டி, படத்தையும் திறந்து வைப்பதாக அழைப்பிதழ் அடித்தாயிற்று. விழாவுக்கு முன்னால் படத்தை ஒருமுறை வகுப்புக்குக் கொண்டுவரும்படி ஷாஹிதா கேட்டாள். சுதேசி இயக்கமும் நம் ஊரும் என்பது பாடம். பேரன் வாயால் கேட்டால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும் என்றாள். நானும் இஸ்திரி போட்ட வேட்டி சட்டையோடு, வகுப்பு வாசல் வரை ஆள் வைத்துப் படத்தைச் சுமக்கச் செய்து போனேன்.

நன்றாகத்தான் பேசினேன். சாரதாமணியே தூங்கவில்லை. பேசி முடித்ததும் ஷாஹிதா பிள்ளைகளைப் பார்த்தாள்.

"ஒரு படம் கையில கிடைச்சா நாம என்ன கேப்போம்?"

"யாரு எடுத்தது, எப்ப எடுத்தது, வேற எங்க இருக்குங்க மிஸ்" என்று வகுப்பே பாடியது.

"அம்மிணி, அது எங்க அப்பாரு படம். அதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றேன்.

"தெரியுமுங்க ஐயா. எந்தப் படமா இருந்தாலும் தேடிப் பாக்கற பழக்கம் வரட்டுமேன்னுதானுங்க."

யாழினி வகுப்பு டேப்லெட்டில் படத்தைப் படம் பிடித்தாள். அதே போன்ற படம் இணையத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று தேடும் வசதி ஒன்று இருக்கிறதாம். பலகை நிறைய மீசைகள் வந்து நின்றன. ராஜஸ்தான் ஓட்டல் வாசலில் சலாம் போடுகிறவர் ஒருவர். தாடி எண்ணெய் விளம்பரத்தில் ஒருவர். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் பெரிய மனதோடு சிரித்தேன். அப்பாரு மீசைக்கு அருகில் வரக்கூட ஒன்றுக்கும் தகுதி இல்லை.

"மிஸ், நாலாவது படத்தைத் தொடுங்க" என்றான் அஸ்ஃபாக்.

ஷாஹிதா தொட்டாள். படம் பெரிதானது. அப்பாரு எங்களைப் பார்த்தார். அதே தலைப்பாகை, அதே கழுத்து, அதே மீசை. மூலையில் மட்டும் பருத்திக்காய் இல்லை. ஒரு பச்சைக் கிளி உட்கார்ந்திருந்தது.

அது இங்கிலாந்தில் இருக்கும் ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கம். கீழே இருந்த ஆங்கிலத்தைக் கீர்த்தனா என்ற பிள்ளை படித்துத் தமிழில் சொன்னாள். "மான்செஸ்டர் மில் துணி பேல்ல, அதாவது மூட்டையில, ஒட்டற லேபிளுங்க. இந்தியாவுல விக்கறதுக்காக அச்சடிச்சது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷத்துதுங்க."

கைருதீன்தான் வாயைத் திறந்தார். பள்ளிக்கூடத்தில் என் மதியச் சோற்றைத் தின்ற காலத்திலிருந்தே அவருக்கு அந்தப் பழக்கம்.

"மாரப்பண்ணா, அப்பாரு சீமைக்கெல்லாம் போயிட்டு வந்திருக்காரு. ஒரு வார்த்தை நீங்க சொல்லவே இல்லையே."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மயில்சாமிக்கு வேர்த்துவிட்டது. "நெட்டுல தப்புத் தப்பா வருமுங்க. ஷாஹிதா மிஸ், போர்டை ஆஃப் பண்ணிடுங்க. நேரமாச்சு, பிள்ளைங்களுக்கு பி.டி. இருக்குது" என்றார்.

ஷாஹிதா அணைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். அணைக்கச் சொன்னால் அணைத்திருப்பாள். பலகை நான் கொடுத்தது, அறை என் அப்பாரு பெயரில் வரப்போவது. ஆனால் முன்வரிசையில் யாழினி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அணைக்க வேண்டாம்" என்றேன். "பொங்கியண்ணன் பேரன் போர்டை அணைச்சுட்டு எந்திரிச்சுப் போனான்னு நாளைக்கு ஊர் பேசும். நல்லாத் தேடுங்க. எங்க அப்பாரு மொகத்தைத் திருடி அந்த வெள்ளைக்காரன் பேல்ல ஒட்டியிருக்கான். எப்பத் திருடுனான்னு கண்டுபிடிங்க."

கீர்த்தனா கையைத் தூக்கினாள். "ஐயா, பத்தாம் வருஷத்துல உங்க அப்பாருக்கு என்ன வயசுங்க?"

"பதினெட்டு இருக்கும்."

"படத்துல இருக்கறவருக்கு அம்பது இருக்குமுங்களே."

அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். மணி அடித்தது. பள்ளி மணிக்கு அன்று நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மாலையில் யாழினியையும் ஏற்றிக்கொண்டு காரில் வரும்போது சாரதாமணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏனுங்க, உங்க பருத்திக்காய் கிளியாகிப் பறந்து போச்சுங்களே" என்றாள்.

"பேசாம வா."

யாழினி பின்சீட்டிலிருந்து மெதுவாகக் கேட்டாள். "தாத்தா, உங்ககிட்ட அவரோட வேற போட்டோ இருக்கா?"

"இல்லை கண்ணு. போட்டோவுக்கு அவரு உக்கார மாட்டாருன்னு எங்கப்பா சொல்லுவாரு."

"அப்ப இந்தப் படம் எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

"அவரை நேர்ல பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றாள் மறுபடியும்.

இருந்தாள். சாமளாபுரத்தில் என் அக்கா ரங்காத்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆபீஸ் பூஜைக்கு வந்தால் எல்லோரும் படத்தைக் கும்பிடுவார்கள். அவள் மட்டும் சுண்டலை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்காருவாள். கண் சரியாகத் தெரியவில்லை போலும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு வகுப்புக்குப் போகலாம் என்று சாரதாமணி சொன்னாள். எனக்கு அது சரிப்படவில்லை. கேள்வி எழுந்தது வகுப்பில். பதிலும் அங்கேயே வரட்டும். மறைவில் பேசி முடிவு செய்துகொண்டு வந்தார்கள் என்று பேச்சு வரக்கூடாது.

அடுத்த வாரம் அதே ஆட்கள், அதே வகுப்பு. வீடியோ காலில் அக்கா முகம் பலகை முழுக்க வந்தது. அவள் மருமகள் ராமாயி போனைப் பிடித்திருந்தாள். பின்னால் தறிச் சத்தம் ஓயவில்லை.

"ஆரு, மாரப்பனா? ஏன்டா, அத்தனை பிள்ளைகளுக்கு நடுவுல நிக்கறே? வாத்தியாரு வெளிய நிக்கச் சொல்லலையா?"

என்னை 'டா' போட்டுப் பேசியதில் பிள்ளைகளுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஷாஹிதா அவர்களை அடக்கிவிட்டு, படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"அம்மா, இந்தப் படத்துல இருக்கறது யாருங்க?"

"அதா? பேல் சீட்டு கண்ணு. துணி பேல்ல ஒட்டி வருமே, அது."

"அக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு. அது அப்பாரு" என்றேன்.

"அப்பாருவை நான் பாத்திருக்கேன்டா. நீ பாத்திருக்கியா? அவரு மடியில உக்காந்து மீசையைப் புடிச்சு இழுத்தவ நான். அவரு மூக்கு இப்படிக் கூரா இருக்காது. உன் மூக்கேதான், உரிச்ச வெங்காயம் மாதிரி."

வகுப்பே என் மூக்கைப் பார்த்தது. கைருதீன் எழுந்து வந்து பக்கவாட்டில் நின்று பார்த்தார்.

"அப்ப மீசைங்க?" என்றான் அஸ்ஃபாக்.

"மீசை அதேதான் சாமி. அந்தச் சீட்டைப் பாத்துத்தானே வெச்சாரு. அவரு மரப்பொட்டி மூடிக்குள்ளார அதை ஒட்டி வெச்சிருந்தாரு. காலைல மூடியைத் தூக்கி நிறுத்தி, ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சீட்டு, மாத்தி மாத்திப் பாத்து முறுக்குவாரு. ரண்டு நுனியும் ஒண்ணுபோல வர்ற வரைக்கும் ஊட்டுல ஆரும் வாயைத் தொறக்கக் கூடாது. காப்பி ஆறிப் போகும்."

என் கை தானாக என் மீசைக்குப் போனது. உடனே இறக்கிக்கொண்டேன்.

அக்கா அடுத்ததைச் சொன்னாள். அப்பா பனியன் கம்பெனி தொடங்கியபோது பெட்டிக்கு அப்பாரு படம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். போட்டோ இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அப்பாரு அந்தச் சீட்டு மாதிரியே இருப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ஆகவே அப்பா ஈரத்துணியை வைத்துச் சீட்டை மூடியிலிருந்து உரித்தார். ஒரு மூலை மட்டும் வரவில்லை. மூலை கிழிந்த சீட்டை எடுத்துக்கொண்டு சிவகாசிக்கு ரயில் ஏறினார்.

"அந்த ஓட்டையை மறைக்கறதுக்கு அச்சாபீஸ்காரன் ஒரு பருத்திக்காயை வரைஞ்சு குடுத்தான். நல்லா இருக்குதுன்னு நம்ம அப்பாவும் வாங்கிட்டு வந்துட்டாரு" என்றாள்.

பல மேடைகளில் நான் பேசியது எனக்கு நினைவுக்கு வந்தது. ஷாஹிதா அப்போது என் பக்கம் திரும்பவில்லை. நல்ல வளர்ப்பு.

"அந்தப் பொட்டி இப்ப எங்கீங்க?" என்றாள் யாழினி.

"எனக்குச் சீரா வந்துச்சு. துவரம்பருப்பு போட்டு வெச்சிருக்கேன். ராமாயி, மூடியைக் காட்டு."

பலகையில் சமையலறைச் சுவர் ஓடியது, பருப்பு தெரிந்தது, பிறகு மூடியின் உட்புறம் வந்து நின்றது. கறுத்த மரத்தில் வெளுப்பாக ஒரு சதுரம். அதன் கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் காகிதம். அதில் ஒரு கிளி.

யாழினி எழுந்து போனாள். பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மூடியையும் மறு பாதியில் இங்கிலாந்துப் படத்தையும் வைத்துக் கிளிகளைப் பெரிதாக்கினாள். அதே மூக்கு, அதே கால், காலடியில் அதே இலை. பிள்ளைகள் கை தட்டினார்கள். கடல் தாண்டி இருக்கும் ஒரு கிளியும் சாமளாபுரத்துப் பருப்புப் பெட்டிக் கிளியும் ஒன்றாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, யார் குடும்பம் என்பதை மறந்து நானும் தட்டிவிட்டேன்.

தட்டி முடிக்கவில்லை, கைருதீன் கேட்டுவிட்டார். "அதெல்லாஞ் சரிங்கக்கா. கதர்க்காரரு பொட்டியில சீமைத்துணிச் சீட்டு எப்படி வந்துச்சு?"

கேலியாக ஆரம்பித்தவர் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தக் கேள்வியைத்தான் ஒரு வாரமாக நான் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தேன். முகம் யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். கொளுத்தியவர் வீட்டில் கொளுத்த வேண்டிய சரக்குக்கு என்ன வேலை? அந்தக் கொளுத்தலும் பருத்திக்காய் மாதிரி யாரோ பிற்பாடு வரைந்ததுதானா?

"வித்தாரில்ல, அதனால வந்துச்சு" என்றாள் அக்கா. "தாராபுரத்துச் சந்தையில அப்பாரு சீமைத்துணிதான வித்தாரு. நம்ம அப்பா உனக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை. நான் எழுந்து நின்றேன். சாரதாமணி உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். உட்காரவில்லை. எங்கள் குடும்பத்துக்கு வருவது எதுவானாலும் நின்றுகொண்டே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

"அப்ப கொளுத்துனது பொய்யா அக்கா?"

"பொய்யின்னு ஆரு சொன்னா? கொளுத்துனாரு. அடுத்தவன் சரக்குல போய் நெருப்பு வெப்பாரா? அவரு பேலைத்தான் நடுத்தெருவுல போட்டுக் கொளுத்துனாரு. அன்னைக்கு அப்பாயி ஓடிவந்து, அதுல எனக்கு ஒரே ஒரு சேலைத் துணி குடுங்கன்னு கேட்டிருக்காங்க. குடுக்கலை. சீட்டை மட்டும் உரிச்சு மடியில வெச்சுக்கிட்டு மிச்சத்தையெல்லாம் நெருப்புல போட்டுட்டாரு. 'அந்த மீசைக்காரனைக் காப்பாத்துன மனுசன், பொண்டாட்டிக்கு ஒரு சேலையைக் காப்பாத்தலையே'ன்னு அப்பாயி சாகற வரைக்கும் வஞ்சாங்க. நான் காதுல கேட்டிருக்கேன். திட்டு ஆரம்பிச்சா அப்பாரு பொட்டியைச் சாத்திட்டு வெளிய போயிருவாரு."

சாரதாமணி முதல் முறையாக வகுப்பில் பேசினாள். "ஒரு சேலை குடுத்திருக்கலாமுங்க" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஷாஹிதா பலகையில் நடுவே கோடு போட்டாள். இடப்பக்கம் 'தெரிந்தது', வலப்பக்கம் 'சொல்லப்படுவது' என்று எழுதினாள். படம் லேபிள் என்பதும், மூடியில் ஒட்டியிருந்தது என்பதும் இடப்பக்கம் போயின. பேலைக் கொளுத்தியது வலப்பக்கம் போனது.

"அம்மிணி, அதை இந்தப் பக்கம் கொண்டு வா" என்றேன்.

"இல்லீங்க ஐயா."

"எங்க அக்கா சொல்றா."

"நம்பறேனுங்க. பெருமைக்காகக் கட்டுன கதையா இருந்தா அப்பாயி திட்டுனது அதுல வந்திருக்காது. ஆனா வேற ஒரு சாட்சி கிடைக்கற வரைக்கும் அது இந்தப் பக்கம்தானுங்க இருக்கணும். பிள்ளைங்க தேடுவாங்க. பழைய பத்திரிகையெல்லாம் இப்ப நெட்டுல வருது."

மிகுந்த மரியாதையோடு, ஒரு அங்குலம்கூட நகராமல் சொன்னாள். அவள் நின்ற விதம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள் என்று கைருதீனிடம் பிறகு சொன்னேன். கிடைத்த வீட்டிலேயே நன்றாக இருக்கிறாள் என்றார் அவர்.

மயில்சாமி தொண்டையைச் செருமினார். "அப்ப ஆண்டு விழாவுல படத்துக்கு என்னங்க பண்றது? அழைப்பிதழ் வேற குடுத்தாச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலகையிலிருந்து அக்காவும் பார்த்தாள். யாரோ குவித்த துணிக்குத் தீ வைத்தவரின் பேரன் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தேன். தன் கடைச் சரக்குக்கே தீ வைத்தவரின் பேரன் என்றால் இன்னும் கொஞ்சம் நிமிரலாம் என்று பட்டது. கழுத்து அதற்கு மேல் போகவில்லை.

"மாட்டுங்க" என்றேன். "யாரு படம்னு இந்தப் பிள்ளைகளே கீழே எழுதட்டும். தெரிஞ்சதை எழுதட்டும், எங்களுக்காக ஒண்ணும் சேக்க வேண்டாம்."

அவர்கள் எழுதியது இப்போது அந்த அறையில் படத்துக்குக் கீழே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம்.

"இது மான்செஸ்டர் துணி பேலில் ஒட்டி வந்த படம். இதில் இருப்பவர் யார் என்று தெரியவில்லை. இதைப் பார்த்து மீசை வைத்தவர் துணி வியாபாரி பொங்கியண்ணன். அவர் தன் பேலைத் தானே கொளுத்தினார் என்று குடும்பத்தில் சொல்லப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பு பி."

'சொல்லப்படுகிறது' என்ற சொல்லை எடுத்துவிடும்படி விழாவுக்கு முந்தின நாள் வரை கேட்டுப் பார்த்தேன். யாழினியே மறுத்துவிட்டாள். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மறுத்தாள், ஆகவே விட்டுவிட்டேன்.

விழாவுக்கு அக்கா வந்தாள். படத்துக்குப் போட்ட மாலையைப் பார்த்து, "பேல் சீட்டுக்கு எதுக்குடா மாலை?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். ஆபீஸில் வைத்துக்கொள்ள அந்தப் பெட்டியைத் தரும்படி நான் கேட்டதற்கு, குடுத்த சீரைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எப்போதிருந்து நம் குடும்பத்தில் வந்தது என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. யுவன் புதுப் பெட்டிகளில் பருத்திக்காயை எடுத்துவிட்டுக் கிளியைப் போட்டிருக்கிறான். பையர்களுக்குப் பிடித்திருக்கிறதாம்.

கடைசியாக ஒன்று. பள்ளியில் தலைகுனிவு ஏற்பட்டதால் நான் மீசையை எடுத்துவிட்டேன் என்றும், அதனால்தான் சில நாள் வெளியே வரவில்லை என்றும் மண்ணரையில் ஒரு பேச்சு நடக்கிறது. கைருதீன் கடையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. பொய். சில நாள் வராததற்குக் காரணம் பல்வலி. மீசை இருக்கிறது.